பழுதுபார்த்த தேர் பழைய தேர்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோயில் தேர்த் திருப்பணி ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த செய்திக்குத் தலைப்பு ‘புதிய தேர் வெள்ளோட்டம்’. அதே செய்தியின் இரண்டாம் பத்தியில் ‘நூற்றாண்டு கண்ட தேர்’ என்று இருந்தது. அடுத்தடுத்த நாள்களில் வாசகர்கள் எழுதினார்கள். மரமெல்லாம் மாறிய பிறகு பழைய தேர் என்று எப்படிச் சொல்லலாம் என்றார் ஒருவர். வடிவமும் பெயரும் அப்படியே இருக்கும்போது புதிய தேர் என்பது பிழை என்றார் இன்னொருவர். இதெல்லாம் வெறும் சொற்சண்டை, தேர் ஓடினால் போதும் என்று மூன்றாமவர் முடித்துவிட்டார்.

மூன்றாமவர் சொன்னதைத்தான் முதலில் மறுக்க வேண்டியிருக்கிறது. ‘அதே’ என்ற ஒரு சொல்லை நாம் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். அந்த இரண்டையும் வீட்டுக் கொடுக்கல் வாங்கலில் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை கைமாற்றாக வாங்கினால் திருப்பித் தருவது வேறு சர்க்கரை. அளவும் தரமும் ஒத்திருந்தால் கணக்குத் தீர்ந்தது. குத்துவிளக்கை இரவல் வாங்கினால் அந்த விளக்கையேதான் திருப்பித் தர வேண்டும். அதே உயரம், அதே எடை, அதே வார்ப்பில் புத்தம்புது விளக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ‘எங்கள் விளக்கு எங்கே?’ என்ற கேள்வி வரும். முதல் வகைக்குக் குறளில் ‘குறியெதிர்ப்பை’ என்று பெயரே இருக்கிறது. அளவு குறித்து வாங்கி அதே அளவு எதிர்கொடுப்பது. வங்கியில் போட்ட பணம் இந்த வகை, போட்ட நோட்டே திரும்பி வர வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. அடகுக் கடையில் வைத்த வளையல் இரண்டாம் வகை.

முதல் வகை ‘அதே’ ஒப்புமையைச் சொல்கிறது. இரண்டாம் வகை ‘அதே’ ஒருமையைச் சொல்கிறது. நேற்றிருந்ததும் இன்றிருப்பதும் எண்ணிக்கையில் ஒன்றுதான் என்பது அதன் பொருள். ஒப்புமை குறைந்தும் ஒருமை நிற்கும்: பிறந்த குழந்தைக்கும் அறுபது வயதுக் கிழவருக்கும் ஒப்புமை ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஆள் ஒருவர்தான். ஒப்புமை முழுக்க இருந்தும் ஒருமை இல்லாமல் போகும்: ஒரே அச்சில் அடித்த இரண்டு நாணயங்கள். தேர் பழையதா புதியதா என்ற கேள்வி ஒருமை பற்றியது. ‘வடிவம் அப்படியே இருக்கிறது’ என்று எழுதிய வாசகர் ஒப்புமையைக் காட்டி ஒருமையை நிலைநாட்டப் பார்க்கிறார். அது நடக்காது. அருங்காட்சியகத்துக்காக அச்சு அசலாக ஒரு தேர் செய்து வைத்தால் அதற்கும் அந்த வடிவம் இருக்கும்.

மரத்தை வைத்துத் தீர்மானிக்கலாம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பாதிக்கு மேல் மாறினால் புதிய தேர், பாதியாவது மிஞ்சினால் பழைய தேர் என்று விதி வைத்துக்கொள்வோம். தேரில் 400 மரத்துண்டுகள். ஆண்டுக்கு 5 துண்டு உளுத்துப்போய் மாறுகிறது. ஒரு முறை மாற்றிய துண்டை மறுபடி தொடுவதில்லை. எந்த ஆண்டையும் முந்தின ஆண்டோடு ஒப்பிட்டால் 395 துண்டு அப்படியே இருக்கும், அதே தேர். 40 ஆண்டு கழித்து 200 மாறி 200 மிஞ்சும். விதிப்படி இன்னும் அதே தேர். 40-ஆம் ஆண்டுத் தேரையும் 80-ஆம் ஆண்டுத் தேரையும் ஒப்பிட்டாலும் பாதி பொது, ஆகவே அதே தேர். ஆனால் முதல் நாள் தேரையும் 80-ஆம் ஆண்டுத் தேரையும் நேருக்கு நேர் வைத்தால் ஒரு துண்டுகூடப் பொதுவில்லை; விதிப்படி வேறு தேர். அ-வும் ஆ-வும் ஒன்று, ஆ-வும் இ-யும் ஒன்று, அ-வும் இ-யும் மட்டும் வேறு என்று வந்து நிற்கிறது. ஒன்று என்ற சொல்லுக்கே இது பொருந்தாது. பாதிக்குப் பதில் 60, 90 என்று எந்தச் சதவீதத்தை வைத்தாலும் ஆண்டுக் கணக்கு மாறுமே தவிர முரண்பாடு தீராது. ஒப்புமைக்கு அளவு உண்டு, ஒருமைக்கு அளவு கிடையாது. அளவு இல்லாத ஒன்றைச் சதவீதத்தால் அளக்கப் போனதுதான் பிழை.

அடுத்து, ‘பகுதி’ என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். இதில் தமிழுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. முழுமைக்கு முதல் என்றும் பகுதிக்குச் சினை என்றும் தொல்காப்பியமே பெயர் வைத்திருக்கிறது. ‘யானையது கோட்டைக் குறைத்தான்’ (கோடு என்றால் தந்தம், குறைத்தல் என்றால் வெட்டுதல்) என்றும் சொல்லலாம், ‘யானையைக் கோட்டின்கண் குறைத்தான்’ என்றும் சொல்லலாம் என்று வேற்றுமை உருபுகளுக்கு விதி சொல்லிவிட்டு, உடனே ஒரு நூற்பா வருகிறது: ‘முதலும் சினையும் பொருள்வேறு படாஅ நுவலுங் காலைச் சொற்குறிப் பினவே’. முதல் என்று ஒரு பொருளும் சினை என்று வேறொரு பொருளும் உலகில் தனித்தனியாக வகுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை, சொல்பவர் குறிப்பைப் பொறுத்தே அவை அமைகின்றன என்பது கருத்து. யானையை நோக்கக் கோடு சினை. ‘கோட்டது நுனியைக் குறைத்தான்’ என்னும்போது கோடே முதல், நுனி சினை. அதற்கும் அடுத்த நூற்பா பிண்டப் பெயருக்கும், அதாவது குவியலைச் சொல்லும் பெயர்களுக்கும், அதே முறை என்கிறது. இலக்கணம் எழுத வந்தவர் முழுமை, பகுதி, குவியல் மூன்றையும் அடுத்தடுத்து நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். அதை உருபு மயக்க விதியாக மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம் என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு.

தேரில் இதைப் பொருத்திப் பாருங்கள். திருவாரூர் ஆழித்தேரின் உயரம் 96 அடி என்று எல்லோரும் எழுதுகிறோம். மரத்தாலான பகுதி சுமார் 30 அடிதான். மீதி, விழாவுக்கு முன்பு மூங்கில் கட்டி, துணி சுற்றி, தொம்பைகள் (உருளை வடிவத் துணித் தொங்கல்கள்) தொங்கவிட்டு, மேலே கலசம் ஏற்றி எழுப்புவது; விழா முடிந்ததும் இறக்கிவிடுவார்கள். இந்த மூங்கில் கட்டுமானம் தேரின் சினையா, தேர் உடுத்தும் உடையா? வீதியில் குறுக்கே போகும் மின்கம்பியைக் கழற்றுகிறவருக்கு அது சினைதான். அவர் 96 அடியைத்தான் எண்ண வேண்டும். திருப்பணிக் கணக்கு எழுதுகிறவருக்கு அது உடை. மூங்கில் புதிதாக வந்தால் ‘தேர் புதுப்பிக்கப்பட்டது’ என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். எந்த முதலுக்கு இது சினை என்பதை அவரவர் வேலை தீர்மானிக்கிறது. எந்த முதலைப் பேசுகிறோம் என்று சொல்லாமல் ‘எத்தனை சதவீதம் மாறியது’ என்று பேசுவதில் இன்னொரு ஓட்டை இங்கே தெரிகிறது. மொத்தம் எது என்று முடிவாகாதபோது சதவீதத்துக்குக் கீழ்எண் கிடையாது.

இனி மூலக் கேள்வி. துண்டுகளுக்கு மேலே ‘தேர்’ என்று ஒரு பொருள் உண்டா, அல்லது துண்டுகள் மட்டும்தானா? இந்தக் கேள்வியை இந்தியாவில் தேரை வைத்தே கேட்டிருக்கிறார்கள். மிலிந்தன் என்று பாலி நூல் அழைக்கும் கிரேக்க அரசன் மெனாண்டரிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்கிறார்: ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகத்தடி தேரா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்ற பதில். எல்லாம் சேர்ந்த குவியல் தேரா? அதுவும் இல்லை. இவற்றுக்கு வெளியே வேறாகத் தேர் இருக்கிறதா? அதுவும் இல்லை. ஆகவே தேர் என்பது இந்த உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயர். பௌத்தத்தின் நிலை இது.

இந்தியத் தருக்கப் பள்ளிகளில் ஒன்றான நியாய மரபு இதை ஏற்கவில்லை. உறுப்பு அவயவம், உறுப்புகளில் தங்கியிருக்கும் முழுப்பொருள் அவயவி, அவயவி உறுப்புகளின் வேறான தனிப்பொருள் என்றார்கள். அந்தத் தங்கலுக்குச் சமவாயம் என்று பெயர். மணிமேகலையில், நியாயத்தோடு நெருங்கிய மரபான வைசேடிகத்தைச் சேர்ந்த வைசேடிகவாதி எண்ணும் ஆறு பொருள்களில் ‘கூட்டம்’ என்று வருவது இதுதான். 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தருக்க சங்கிரகம் என்ற வடமொழித் தருக்க நூலைத் தமிழில் தந்ததால் இந்தச் சொற்கள் தமிழ்ப் படிப்பிலும் வேரூன்றின. அவர்கள் விரும்பிச் சொல்லும் எடுத்துக்காட்டு நூலும் துணியும்: நூல் சமவாயி காரணம், நூல்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும் சேர்க்கை அசமவாயி காரணம், தறியும் நெசவாளரும் நிமித்த காரணம். நூல் அத்தனையும் இருந்து சேர்க்கை இல்லையென்றால் துணி இல்லை. கழற்றிப் போட்ட தேருக்கும் ஓடும் தேருக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரண்டாவது காரணம் துல்லியமாகப் பிடிக்கிறது.

அவயவி உண்டு என்பதற்கு நியாய சூத்திரம் தரும் காரணங்களில் ஒன்று, பிடித்தலும் இழுத்தலும். ஓரிடத்தில் பிடித்து இழுத்தால் முழுப்பொருளும் வருகிறது. வடத்தை இழுத்தால் அச்சு மட்டும் கழன்று வருவதில்லை, தேர் வருகிறது. நெற்குவியலின் ஓரத்தில் கைவைத்து இழுத்தால் கைப்பிடி நெல்தான் வரும். கேட்டவுடன் ஒப்புக்கொள்ளத் தோன்றும் வாதம். ஆனால் சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனரே இதன் குறையைச் சொல்லிவிடுகிறார். புல்லையும் கல்லையும் மரத்துண்டையும் அரக்கு வைத்து ஒட்டினால் அதையும் ஒருமிக்கப் பிடித்து இழுக்கலாம். அதனால் அது ஒரு பொருளாகிவிடாது. ஒட்டுதல் வேறு, ஒன்றாதல் வேறு. தன் தரப்பு வாதத்தைத் தானே சோதித்து ஒதுக்கும் அந்த நேர்மையை நம் காலத்து விவாதங்களிலும் பார்க்க ஆசை.

பௌத்தர்கள் தராசைக் கொண்டுவந்து எதிர்த்தார்கள். உறுப்புகளுக்கு மேலே முழுப்பொருள் என்று ஒன்று கூடுதலாக இருந்தால் எடை கூட வேண்டாமா? இரண்டு சவரன் வளையலை எடுத்துக்கொள்வோம். வளையலைப் பிறகு அழித்துத் தாலியாகச் செய்தால் பொன் மிஞ்சும், வளையல் மிஞ்சாது. ஆகவே வளையலும் பொன்னும் ஒன்றல்ல. அப்படியானால் தட்டில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. முள் காட்டுவது 32 கிராம் அல்ல, 16 கிராம். என் பார்வையில் இதற்கு நேரான பதில் உண்டு. எடை பொன்னுடையது. வளையலுக்கு எடை உண்டு என்பது அது பொன்னால் ஆனது என்பதாலேயே; தனியாக இன்னொரு எடை அதற்குக் கிடையாது. ஒரே எடையை இரண்டு பெயரில் இரண்டு முறை எழுதியதால் வந்த 32 அது. ‘ஆனது’ என்ற உறவும் ‘ஒன்று’ என்ற உறவும் வேறு என்று பிரித்துவிட்டால் தராசு யாருக்கும் எதிர்ச்சாட்சி சொல்லாது.

நியாய மரபின் கடினமான முடிவு வேறிடத்தில் இருக்கிறது. துணியிலிருந்து ஒரு நூலை உருவினால் பழைய துணி அழிந்தது, மிஞ்சிய நூல்களில் புதிதாக ஒரு துணி பிறந்தது என்பார்கள். நாம் ‘அதே துணி’ என்பது விளக்குச் சுடரைப் பார்த்து ‘அதே சுடர்’ என்பது போல, ஒப்புமையால் வரும் எண்ணம். இதை ஏற்றால் தேரில் ஓர் ஆப்பு மாறினாலும் புதுத் தேர். வைசேடிகர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: சூளையில் வேகும் பச்சைப் பானை அணு அணுவாகப் பிரிந்து, அணுக்கள் நிறம் மாறி, மறுபடி சேர்ந்து சுட்ட பானையாகிறது. இதற்குப் பீலுபாகம் என்று பெயர். பானை பானையாக இருந்தே வேகிறது என்ற பிடரபாகம் நியாயர்களின் கட்சி. சூளையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பானைகள் சரியாமல் நிற்பதை நினைத்தால் நியாயர் பக்கம் சாயத்தான் தோன்றுகிறது. சூளைக்குள் பானைக்கு இந்த உரிமையைக் கொடுத்த நியாயர்கள் அதையே துணிக்கும் கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து. மாற்றத்தைத் தாங்குவதுதான் நீடித்திருக்கும் பொருளின் இயல்பு. எந்த மாற்றத்தைத் தாங்கும் என்பது பொருளின் வகையைப் பொறுத்தது. மண் கலவை மாறினால் குவியல் வேறு. நீர் ஓடிக்கொண்டே இருந்தாலும் ஆறு அதே ஆறு. உருவம் போனால் வளையல் இல்லை, பொன் உண்டு. ‘இது அதேதானா?’ என்று கேட்பதற்கு முன் ‘அதே எது?’ என்று கேட்க வேண்டும் என்பது இதனால்தான். அதே மரமா, அதே தேரா, அதே வழிபாட்டு மரபா? மூன்றுக்கும் மூன்று விடை வரலாம்.

தேர் என்ற வகைக்கு நான் வைக்கும் விதி இது. உறுப்புகள் மாறும்போது மாறாதவை சேர்ந்து நின்று தேராகவே தொடர வேண்டும்; புதிதாக வரும் உறுப்பு, நிற்கும் தேருக்குள் வந்து சேர வேண்டும். இந்தத் தொடர்ச்சி அறாதவரை 400 துண்டும் மாறினாலும் அதே தேர்.

இதற்குப் பெரிய சோதனை ஒன்று உண்டு. தெசியஸின் கப்பல் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வைத்தது பலருக்கும் தெரிந்திருக்கும்: முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் உளுத்த பலகையை மாற்றி மாற்றிக் காத்து வந்தார்கள். 1655-இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் அதில் ஒரு கொக்கி வைத்தார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்து வைத்து, கடைசியில் அதே வரிசையில் பொருத்தினால் என்ன ஆகும்? நம் தேருக்கு வைத்துப் பார்ப்போம். 80 ஆண்டாகக் கழித்த 400 துண்டையும் கொட்டகையில் போட்டு வைத்து, பிறகு ஒருவர் பூட்டி நிறுத்துகிறார். வீதியில் ஒரு தேர், கொட்டகையில் ஒரு தேர். இரண்டும் பழைய தேராக இருக்க முடியாது. அவை ஒன்றுக்கொன்று வேறு என்பது கண்ணெதிரே தெரிகிறது.

வீதியில் ஓடுவதே தேர், கொட்டகையில் இருப்பது அதன் மரம் என்பது என் தீர்ப்பு. உடனே ஒரு மறுப்பு வரும். எகிப்தில் அபு சிம்பெல் கோயில்களை 1964 முதல் 1968 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட பாளங்களாக அறுத்து, நைல் அணை நீருக்குத் தப்ப ஏறக்குறைய 65 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் அடுக்கினார்கள். அதை எல்லோரும் அதே கோயில் என்கிறோமே, பழைய பொருளை மறுபடி பூட்டினால் அங்கே செல்லும், இங்கே செல்லாதா? வேறுபாடு இங்கே இருக்கிறது. அங்கே அறுத்த ஒவ்வொரு பாளமும் மறுபடி தன் இடத்துக்குப் போவதற்காகவே அறுக்கப்பட்டது. இடைப்பட்ட நாளில் அது ‘இடம் மாறும் கோயிலின் கல்’லாகவே இருந்தது, அதன் இடத்துக்கு வேறு கல் வரவில்லை. தேரின் பழைய துண்டு அப்படியல்ல. அது கழிக்கப்பட்டது, அதன் இடத்தில் இன்னொரு துண்டு உட்கார்ந்து பாரம் தாங்கிவிட்டது. கழித்த உறுப்புக்குப் பிறகு அந்த முதலின்மேல் உரிமை இல்லை. தேரைக் கடைசி ஆப்புவரை பிரித்துப் போட்டுத் திருப்பணி செய்தாலும், பிரித்தது மறுபடி பூட்டுவதற்காக என்றால் தேர் தொடர்கிறது என்பதற்கும் இதே காரணம்.

ஆழித்தேர் விஷயத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பழைய தேர் 1920-களில் தீயில் எரிந்துபோயிற்று. அதன்பின் செய்த தேர்தான் ஓடுகிறது. என் விதிப்படி இது எரிந்த தேரல்ல, வேறு தேர். ஆனாலும் ‘ஆழித்தேர்’ என்ற பெயருக்கு இது முழு உரிமை உடையது. அந்தப் பெயர் ஒரு தனி மரப்பொருளின் பெயர் மட்டும் அல்ல, அந்தக் கோயில் விழாவில் ஓர் இடத்தின் பெயரும்கூட. மாவட்ட ஆட்சியர் மாறினாலும் ஆட்சியர் பதவி ஒன்றுதான். ஜப்பானில் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் முற்றிலும் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013-இல் 62-ஆம் முறை. அங்கே கட்டடம் வேறு, ஆலயம் என்ற பதவி ஒன்று. நம் கோயில்களில் திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்து இறை ஆற்றலைத் தற்காலிகத் திருமேனிக்கு மாற்றுவதும், கல்லின் ஒருமையையும் சந்நிதியின் ஒருமையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் வகுத்த முறை. பதவியும் பதவியில் இருப்பவரும் வேறு என்பதை மறந்தால், எரிந்த தேரின் வயதைப் புதுத் தேருக்குச் சேர்த்து எழுதிவிடுவோம்.

இந்தக் கேள்விக்கு அன்றாடத்தில் விலை உண்டு என்பதற்கு லாரிப் பட்டறைக்குப் போனால் போதும். எஞ்சின் மாற்றலாம், டயர் மாற்றலாம், கேபின் மாற்றலாம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களோடு பதிவுச் சான்று வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது; சட்டம் இடம் தரும் மாற்றங்களை அதன் விதிப்படிதான் செய்ய வேண்டும். வண்டி எது என்பதைக் கடைசியில் சேஸ் நம்பர் சொல்கிறது. ஓர் உறுப்பை மட்டும் முழுமைக்கு அடையாளமாகச் சட்டம் தேர்ந்துகொண்டது. முதுகெலும்பு போன்ற அந்தச் சட்டகம் எளிதில் மாறாதது என்பதால் அது நல்ல தேர்வு. ஆனால் அடையாளம் ஓர் உறுப்பில் குவிந்ததும் அந்த உறுப்பே மோசடிக்கு வாசலாகிவிடுகிறது: விபத்தில் நொறுங்கிய வண்டியின் எண்ணுள்ள துண்டை அறுத்துத் திருட்டு வண்டியில் பற்றவைத்தால் ஏட்டில் செத்த வண்டி உயிரோடு ஓடும். ஹாப்ஸ் காகிதத்தில் கேட்டதைப் பட்டறையில் செய்கிறார்கள். வண்டியை உடைக்கும்போது எண் பொறித்த பகுதியைத் தனியே அறுத்தெடுப்பது இந்த வழியை அடைக்கத்தான்.

தேருக்குச் சேஸ் நம்பர் கிடையாது. பல தேர்களில் அச்சும் சக்கரமும்கூட இரும்புக்கு மாறியிருக்கின்றன. ஆகவே தேரின் ஒருமையைக் காட்டும் சான்று தொடர்ச்சியின் பதிவு ஒன்றுதான். அந்தப் பதிவு கோயில்தோறும் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். எந்த அடுக்கு (பூதப்பாரா, தேவாசனமா, சிம்மாசனமா), எந்தத் திசை, இடமிருந்து எத்தனையாவது. மரம் இலுப்பையா, வேங்கையா, தேக்கா. நீளம், அகலம், கனம். முன்புறமும் பின்புறமும் படம். எண்ணைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினால் கழுவும்போது போய்விடும். சிற்ப முகத்தில் பெயின்ட் அடித்தால் சிற்பம் கெடும். துளைக்குள் போய் மறையும் முனையில் உளியால் பொறிப்பதே நிற்கும். நாலு பக்கமும் ஒரே அளவில் வரும் பலகைகளில்தான் பெரும்பாலும் இடம் மாறும். கிழக்குப் பலகை தெற்கே பூட்டப்பட்டால் மரம் அதே மரம், சேர்க்கை வேறு, சிற்ப வரிசையும் குலையும். எடுத்த துண்டை ஏன் எடுத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும்: கரையானா, விரிசலா, துளை தளர்ந்ததா. ‘பழுது’ என்று ஒற்றைச் சொல்லில் விட்டால் அடுத்த தலைமுறை ஸ்தபதிக்கு அது எதற்கும் பயன்படாது.

செய்தி எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நின்ற தேருக்குள் துண்டுகள் மாறியிருந்தால், எத்தனை மாறியிருந்தாலும், ‘திருப்பணி முடிந்த தேர்’ என்று எழுதுங்கள். பழைய தேரை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் வேறு தேர் செய்திருந்தால் ‘புதிய தேர்’ என்று எழுதுங்கள். புதுத் தேரில் பழைய சிற்பப் பலகை ஆறு பதித்திருந்தால் பலகைதான் பழையது, தேர் புதியது. அந்த ஆறின் வயதை அந்த ஆறுக்கு மட்டும் கொடுங்கள். நிருபர் களத்தில் கேட்க வேண்டியவை மூன்று: பழைய தேர் எந்த நாளிலாவது முழுமையாகக் கைவிடப்பட்டதா, எந்த அடுக்குகளில் எத்தனை துண்டு மாறியது, கழித்த துண்டுகள் இப்போது எங்கே இருக்கின்றன. மூன்றாவதற்குப் பதில் ‘விறகுக்குப் போய்விட்டது’ என்று வந்தால் அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தருக்கம் கற்பிக்கும் வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்